ராணி திரும்பியே பார்க்கவில்லை

மொரிஷியஸ் தீவில், போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டிய கோடான் கடைவீதியில் ப்ளூ பென்னி மியூசியம் இருக்கிறது. அதில் ஓர் இருட்டறை, அந்த இருட்டறையில் கண்ணாடிக்குள் இரண்டு தபால்தலைகள். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதால் மற்ற நேரமெல்லாம் நகல்களைத்தான் பார்க்க முடியும். குறித்த வேளையில் சில நிமிடங்கள் மட்டும் அசலின் மேல் விளக்கைப் போடுவார்கள்.

போன விடுமுறையில் அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். கைலாசன் கோவிலில் தீபாராதனைக்கு இடம் பிடிப்பதுபோல அம்மா முன்னால் போய் நின்றுகொண்டாள். விளக்கு வந்தது. எங்கே கையைக் கூப்பிவிடப் போகிறாளோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். கூப்பவில்லை. மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தம்மா ஏன் நம்ம பக்கம் திரும்பவே மாட்டேங்குது?" என்றாள். எங்கள் வீட்டில் புழங்குவது க்ரியோல்தான். அம்மா தமிழுக்கு மாறுவது இரண்டே சமயங்களில்: சாமியிடம் பேசும்போது, எரிச்சல் வரும்போது.

அந்த இரண்டு தபால்தலைகளும் 1847 செப்டம்பரில் வெளியானவை. பிரிட்டிஷ் காலனிகளில் முதல் தபால்தலை அச்சடித்தது எங்கள் தீவுதான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பென்னி, நீலத்தில் இரண்டு பென்ஸ், ஒவ்வொன்றிலும் ஐந்நூறு. கவர்னரின் மனைவி தன் நடன விருந்துக்கு அழைப்பிதழ் அனுப்ப அவற்றில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டார். இன்று உலகம் முழுக்கத் தேடினால் மிச்சம் 27. அதில் இரண்டை 1993இல் உள்ளூர் நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து சுமார் 20 லட்சம் டாலர் கொடுத்து ஊருக்கு மீட்டு வந்தன. விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காகிதம். அதில் ஓர் இளம்பெண்ணின் தலை, விக்டோரியா ராணி, இடப்பக்கம் பார்த்தபடி. நெற்றிக்கு மேலே சின்னக் கிரீடப் பட்டை. அவ்வளவுதான்.

அம்மாவின் கேள்விக்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தமிழ் வாத்தியார் வேலை பார்க்கிறவளுக்குப் பதில் தெரியாமல் இருப்பது ஒரு நோய் மாதிரி, தூக்கம் கெடும். அப்புறம் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த முகம் வில்லியம் வையன் என்ற சிற்பி 1837இல் செய்த ஒரு பதக்கத்திலிருந்து வந்தது. அதற்கான மாதிரியை அவர் எடுத்தபோது விக்டோரியாவுக்கு வயது பதினைந்து. இங்கிலாந்தில் தபால்தலை அச்சிடத் தொடங்கிய 1840லிருந்து ராணி கண் மூடிய 1901 வரைக்கும் அங்கே தபால்தலைகளில் அந்தச் சிறுமியின் முகம்தான். ராணிக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள், கணவர் போனார், எண்பதைத் தாண்டினார். தபால்தலையில் ஒரு சுருக்கம் விழவில்லை. நாணயத்தில் மட்டும் வயதாக விட்டார்கள், அதையும் தவணை முறையில். 1887 வரை இளம் தலை. அந்த ஆண்டு பொன்விழாவுக்காக ஒரு புதுத் தலை. உச்சியில் ஒரு குட்டிக் கிரீடம் எப்போது நழுவி விழுமோ என்று உட்கார்ந்திருக்கும். ஊரே சிரித்தது. 1893இல் அதை எடுத்துவிட்டு முக்காடு போட்ட மூதாட்டியை வைத்தார்கள்.

பக்கவாட்டு முகம் என்பது ரோமானியர்களிடமிருந்து வந்த வழக்கம். காசில் சீசரின் முகம் ஒருபக்கமாக இருந்தது, பிறகு வந்தவர்களும் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இதில் வேலை நுணுக்கமும் உண்டு. புடைப்பாக அச்சடிக்கும் சிறு வட்டத்தில் நேர்முகத்தைச் செதுக்கினால் முதலில் தேய்வது மூக்கு. இங்கிலாந்தில் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. ஒவ்வொரு ஆட்சிக்கும் முகம் திசை மாற வேண்டும். விக்டோரியா இடப்பக்கம், அவர் மகன் ஏழாம் எட்வர்டு வலப்பக்கம், ஐந்தாம் ஜார்ஜ் மறுபடி இடப்பக்கம். முன்னால் போனவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பம். சொத்துத் தகராறு உள்ள எந்த வீட்டுக் கல்யாணத்திலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

எனக்கு வியப்பாக இருந்தது இதைவிடச் சின்ன விஷயம். லண்டன் கடைகளில் புழங்கிய நாணயங்களில் ஐந்தாம் ஜார்ஜின் தலை வெறுந்தலை. ஆறாம் ஜார்ஜும் அப்படித்தான். அதே ராஜாக்கள் மொரிஷியஸ் நாணயத்துக்கு வந்தால் தலையில் முழுக் கிரீடம், அதிலே மணிகள், ஐந்தாம் ஜார்ஜுக்குத் தோளிலே அங்கியும். இந்தியாவுக்குப் போன காசிலும் கிரீடம்தான். ஏன் இப்படி? உள்ளூர்க்காரனுக்கு ராஜாவைத் தெரியும், கடல் தாண்டி இருக்கிறவனுக்கு அடையாளம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். தெருக்கூத்தில் ராஜா வேஷக்காரர் டீ குடிக்கப் போகும்போதும் கிரீடத்தைக் கழற்றமாட்டார், கழற்றினால் அவர் யார் என்பது யாருக்குத் தெரியும்?

பாட்டியின் காசு நினைவுக்கு வந்தது.

அப்பாவைப் பெற்ற பாட்டி கழுத்தில் ஒரு தங்கக் காசைக் கோத்துப் போட்டிருந்தாள். அசல் சவரன். இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டில் நகைக்கடைப் பலகையில் தினமும் எழுதுகிறார்கள், யாரும் நின்று யோசிப்பதில்லை. சவரன் என்பது 'சாவரின்', அதாவது அரசர். ஏறக்குறைய எட்டு கிராம் எடையுள்ள அந்த பிரிட்டிஷ் காசுதான் நம் பெண்களுக்குத் தங்கத்தின் அளவாகவே ஆகிப்போனது. பவுன் என்றாலும் அதே காசுதான். "பெண்ணுக்கு எத்தனை சவரன் போடுறீங்க?" என்று கேட்கும்போது எத்தனை அரசர்கள் என்றுதான் கேட்கிறோம்.

பாட்டியின் காசில் ஒரு பக்கம் விக்டோரியா, குட்டிக் கிரீடத்தோடு. மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன், கீழே மிதிபடும் ஒரு பிராணி. புனித ஜார்ஜ், டிராகனைக் கொல்கிறார். பாட்டிக்கு இந்த ஜார்ஜைத் தெரியாது. அவள் அதை மதுரை வீரன் என்றாள். இந்தத் தீவின் கரும்புத் தோட்டக் கோவில்களில் மாரியம்மனுக்குப் பக்கத்தில் வாளோடு நிற்கிறவர்தான் அவளுக்குத் தெரிந்த வீரன். குதிரை இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, மீசைதான் இல்லை, அதை அவள் பெரிதுபடுத்தவில்லை. வீரன் வெளியே தெரியும்படி காசைத் தொங்கவிட்டுக்கொள்வாள். அது திரும்பிக்கொண்டால் விரலால் சரிசெய்வாள், பேசிக்கொண்டே, பழக்கத்தில். அரைநூற்றாண்டு காலம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மகாராணி பாட்டியின் நெஞ்செலும்பைப் பார்த்தபடி வியர்வையில் கிடந்தாள்.

காசில் இருக்கும் முகத்தை நம்மவர்கள் இப்படி நடத்துவது புதிதில்லை. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் ரோமானியப் பொற்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. 501 காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி இது காசு இல்லை, வெறும் பொன் என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நியாயமான விளக்கம்தான். ஆனாலும் கழுத்தோரம் கவனமாக வெட்டியிருக்கலாமே, கன்னத்தில் எதற்கு?

இங்கே எங்கள் ராணிக்கு உளி தேவைப்படவில்லை. முதல் தபால்தலைகளைச் செதுக்கிய ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்டு, கள்ளத்தனமாகக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தவர். ராணியின் கழுத்துக்குக் கீழே, மார்பளவு முடியும் ஓரத்தில், தன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டை ரொம்பப் பொடியாகப் பொறித்து வைத்தார். திருட்டுத்தனமாக வந்தவன் ராணியின் உடம்பில் கையெழுத்துப் போட்டுவிட்டான். 1848க்கான அடுத்த வெளியீட்டுக்கு ஒரு செப்புத் தகட்டில் பன்னிரண்டு தலைகளைத் தனித்தனியாகக் கையாலேயே செதுக்கினார். ஆகவே பன்னிரண்டு ராணிகள், ஒருத்தி போல இன்னொருத்தி இல்லை. ஒன்றில் பென்ஸ் என்ற சொல்லுக்கே எழுத்துப்பிழை. அந்தத் தகடுகளை 1859 வரை அச்சடித்துத் தள்ளினார்கள். செம்பு மிருதுவான உலோகம், ஒவ்வொரு முறை மை துடைக்கும்போதும் கோடு கொஞ்சம் தேயும். கடைசிக் கால அச்சுகளைப் படத்தில் பார்த்தேன். கிரீடத்தின் கோடு போய்விட்டது, கண் போய்விட்டது, கன்னமும் கழுத்தும் ஒரே வெள்ளைப் புகை. ராணி இருந்த இடம் மட்டும் தெரிகிறது. அப்போதும் கடிதம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது.

சின்னங்கள் என்றால் உண்மையில் கொட்டிக் கிடப்பது எண்ணெய் ஓவியங்களில்தான். அந்தச் சாதியில் ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் போதும் என்பேன், அது எங்கள் தீவுக்கும் ஒருவகையில் உறவு. இயசாந்த் ரிகோ 1701இல் தீட்டிய பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி. அசல் பாரிஸில் லூவ்ர் அரண்மனையில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பதடி உயரம். ஸ்பெயினின் அரியணை ஏறிய பேரனுக்கு அனுப்புவதற்காக வரையச் சொன்னது. முடிந்ததும் தாத்தாவுக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், தானே வைத்துக்கொண்டார்.

அறுபத்து மூன்று வயதுக் கிழவர். ஆனால் கண் முதலில் போவது கால்களுக்கு. வெள்ளைக் காலுறை, சிவப்புக் குதிகால் செருப்பு, ஒரு பாதம் முன்னே வைத்து நாட்டிய நிலை. இளமையில் அரசவை நடனத்தில் சூரியதேவனாக ஆடியவர், அதை மறக்கவில்லை. நாமும் மறக்கக் கூடாது. தோளிலிருந்து தரை வரை லில்லிப்பூக்கள் தைத்த நீல அங்கி. அதன் உள்பக்கம் எர்மின் என்ற குளிர்நாட்டுப் பிராணியின் வெள்ளைத் தோல், கறுப்பு வால்முனைகள் புள்ளி புள்ளியாக. இடுப்பில் பழங்காலப் பேரரசர் சார்லமேனுடையது என்று போற்றப்படும் முடிசூட்டு வாள். கிரீடத்தைத் தலையில் வைக்கவில்லை, பக்கத்தில் மெத்தையில் கிடக்கிறது. செங்கோலைத் தலைகீழாகப் பிடித்து, பூ வைத்த முனையை அந்த மெத்தையில் ஊன்றி, மாலைநேர நடைக்குக் கிளம்பியவர் கைத்தடி பிடிப்பதுபோல நிற்கிறார். காசில் கிரீடம் போட்டே தீர வேண்டிய ஐந்தாம் ஜார்ஜை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே பலம் இருக்கிறவன் சின்னத்தை அலட்சியமாகப் பிடிக்கிறான். பின்னால் ஒரு பெரிய தூண், மேலே சிவப்புத் திரைச்சீலை. இந்தத் தூணையும் திரையையும் நினைவில் வையுங்கள், திரும்பி வருவேன்.

உறவு என்றேனே. 1715 செப்டம்பர் 20ஆம் தேதி துஃப்ரேன் தார்செல் என்ற கப்பல் தலைவர் ஆளற்றுக் கிடந்த இந்தத் தீவில் இறங்கி, பிரெஞ்சு மன்னர் பெயரால் இதை எடுத்துக்கொண்டார். அந்த லூயி செப்டம்பர் 1ஆம் தேதியே வெர்சாயில் இறந்துவிட்டார். செய்தி கடலைத் தாண்டி வர மாதங்கள் ஆகும். ஆக, நாங்கள் குடியிருக்கும் மண் செத்துப்போன ராஜாவின் பெயரால் கைப்பற்றப்பட்ட மண். அவருக்கு அடுத்து வந்த லூயியின் பெயரைத்தான் துறைமுகம் இன்றும் சுமக்கிறது. அந்தத் துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் வந்தார்கள், கரும்பு வெட்ட வந்தவர்களுக்கு நூறு ஆண்டு முன்னால்.

நம் ராஜாக்கள் எப்படி நின்றார்கள்? ஒரு முறை மதுரை போயிருந்தபோது புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரைப் பார்த்தேன். அப்போது அங்கே தையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் நிறைந்திருந்தன. தூணோடு தூணாக நாயக்க மன்னர்கள் ஆளுயரத்தில் நிற்க, மன்னரின் முழங்கைக்குப் பக்கத்தில் ரவிக்கைத் துணி தொங்கியது. தையல் மிஷின் சத்தம். நாயக்கருக்கு நல்ல தொந்தி, கழுத்து நிறைய அணிகலன், இடுப்பில் வாள். எல்லாம் இருந்தும் இரண்டு கையும் கூப்பியிருக்கின்றன. திருமலையில் கிருஷ்ணதேவராயர் இரு மனைவிகளோடு செப்புச் சிலையாக நிற்பதும் கூப்பிய கையோடுதான். தஞ்சைப் பெரிய கோவில் உள்சுற்றில் கருவூர்த் தேவரும் ராஜராஜனும் என்று சொல்லப்படும் ஓவியத்தில் மன்னன் நிற்பது பின்னால், முன்னால் தாடிக்காரத் துறவி. இந்த ராஜாக்களும் நம்மைப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பார்ப்பது கருவறையை. பணிவு என்று உடனே உருகவும் வேண்டாம். வருகிற பக்தன் ஒவ்வொருவனும் மன்னனைத் தாண்டித்தான் சாமியிடம் போக வேண்டும் என்ற இடத்தில் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அதுவும் ஒரு கணக்கு.

குடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெண்கொற்றக்குடைதான் நம் பக்கத்துக் கிரீடம். புறநானூற்றில் வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் போய், உன் குடை வெயில் மறைக்கப் பிடித்ததா என்ன, வருந்தும் குடிகளுக்கு நிழல் தரப் பிடித்தது என்று சொல்கிறார். சொல்லிவிட்டு, தன் நிலத்துக்கான வரிப்பாக்கியைத் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அரசனின் சின்னத்தை அரசனுக்கே விளக்கிக் காரியம் முடிப்பது எப்படி என்று என் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். அவர்கள் வீட்டுப்பாடத்தைத் தள்ளுபடி கேட்பார்கள்.

சரி, நேர்முகத்துக்கு வருகிறேன்.

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. 1834 முதல் இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகள். அவர்களில் ஒருவர் அம்மாவின் கொள்ளுத்தாத்தா. மியூசியத்துக்குப் போய்வந்த சில வாரங்களில் அவர் பதிவைத் தேடிப் போனேன். எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், உயரம். பெயரை எழுத்தர் தன் காதுக்கு விழுந்தபடி எழுதியிருக்கிறார், அந்தப் பிழைதான் இன்று எங்கள் குடும்பப் பெயர். கூடவே ஒரு போட்டோ.

1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடித்து வெளியே வந்த கூலிகள் எல்லாரும் போட்டோ ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. வழியில் போலீஸ்காரன் கேட்டு, சீட்டு இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துக்கொண்டு போகலாம். 1871இல் 9,401 பேர் சேர்ந்து கவர்னருக்குக் கொடுத்த மனுவில் இந்தத் தொல்லையெல்லாம் வரிசையாக இருக்கிறது. அடுத்த ஆண்டே லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது. அந்த நாளில் வாழ்ந்த நம் ஊர்க்காரர்களில் படம் எடுத்துக்கொள்ள வசதி இருந்தவர் எத்தனை பேர்? இவர்களுக்கோ கட்டாயப் படம். அதிலே தூண் இல்லை, திரை இல்லை. சட்டை போட்ட ஆள், போடாத ஆள், தலைப்பாகைக்காரர், நெற்றியில் நாமம் இட்டவர். எல்லாரும் நேரே பார்க்கிறார்கள். பார்க்க வைக்கப்பட்டார்கள். ஆளை அடையாளம் பிடிக்க நேர்முகம்தான் வசதி.

எங்கள் தாத்தாவும் அப்படித்தான். ஒட்டிய கன்னம், ஒரு கண் லேசாகச் சுருங்கியிருக்கிறது, வெயிலோ பயமோ. நான் போன இடமெல்லாம் அந்தக் கண் கூடவே வந்தது. ராணி ஏன் திரும்பவில்லை என்று அம்மா கேட்டதற்கு ஆவணக் கூடத்து மேசையில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. நேரே பார்க்கச் சொல்லி உத்தரவு போட அவளுக்கு மேலே யாரும் இல்லை.

இந்த ராணி ராஜாக்கள் எங்கள் பையிலிருந்து போக ரொம்பக் காலமானது. 1968இல் சுதந்திரம் வந்த பிறகும் இரண்டாம் எலிசபெத்தான் தலைவி, 1992இல்தான் குடியரசு. நாணயத்தில் 1987லிருந்து எங்கள் முதல் பிரதமர் சிவசாகர் ராம்குலாம். நூறு ரூபாய்த் தாளில் ரெங்கநாதன் சீனிவாசன், வக்கீல், அமைச்சராக இருந்தவர், நம்மவர். அவர் நேரே பார்க்கிற மாதிரிதான் இருக்கிறார். 1998இல் புதிய தாள்களில் ஆங்கிலத்துக்கு அடுத்திருந்த தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தார்கள். தமிழர்கள் பொங்கி எழுந்ததில் தாள்களைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சண்டையில் தாள்களில் யார் முகம் இருந்தது என்று ஒருவரும் பேசிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மாவுக்குத் தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்ட ஆசை. ரோஸ் ஹில்லில் ஒரு போட்டோ கடையில் கொடுத்தோம். கடைப் பையன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "கிசான்லா சா?" என்றான். யார் இது? அம்மா சொன்னாள். ஒரு வாரம் கழித்துப் போனால் படம் தயார். சாம்பல் நிறப் பின்னணியை அழித்துவிட்டு, அவனாகவே ஒரு தூணும், வலது மூலையில் மடிப்பு மடிப்பாகச் சிவப்புத் திரைச்சீலையும் வைத்திருந்தான். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் துணியில் வரைந்து பின்னால் தொங்கவிட்ட அதே தூண், அவர்கள் அரண்மனை ஓவியங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அதே திரை. "இது கணினியில் இருந்த டிசைன், மதாம். காசு வேண்டாம்" என்றான்.

நான் மாற்றித் தரச் சொன்னேன். ஆவணம் ஆவணமாக இருக்க வேண்டும் என்று கடையில் நின்று ஒரு பிரசங்கமே செய்தேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. படத்தை இரண்டு கையாலும் பிடித்து, சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள், தமிழில். எரிச்சலா, மற்றதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு படம் இருக்கிறது. சாம்பல் பின்னணி என் அறையில். திரை போட்டவர் கூடத்தில், முருகனுக்கு இடப்பக்கம், சந்தனமும் குங்குமமும் வைத்து. வெள்ளிக்கிழமைகளில் அம்மா மாலை போடும்போது சட்டம் கொஞ்சம் சாய்ந்துவிடும். பாட்டி காசைத் திருப்புவது மாதிரியே, பேசிக்கொண்டே விரலால் தள்ளி நேராக்குவாள்.